ஏலத்தில் எடுத்த ஸ்டூல்

இதை நின்றுகொண்டு வாசிக்கிறவர்கள் தயவுசெய்து ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களைச் சொல்லவில்லை. மற்றவர்கள் தாராளமாக உட்காரலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம்ம ரெஜிஷாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்த்தாண்டம் ஜெனித் சில்க்ஸில் புடவை எடுத்துக் காட்டுகிற பெண் அவள். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூடத் திட்டு.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? புதுக்கடைப் பக்கத்துச் சபையில் அறுப்பின் பண்டிகை. வாழைக்குலை, பலாச்சக்கை, சேவல் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து ஆல்டருக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தது எதுவானாலும் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போயாக வேண்டும். அது அங்கே காலகாலமாக இருக்கிற முறை.

ஜெனித் சில்க்ஸ் முதலாளி குமாரதாஸ்தான் இந்த வருஷம் சிறப்பு விருந்தினர். வெறுங்கையோடு வந்தால் மதிப்பா? கடைக் குடோனில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்த ஸ்டூல்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றின் பலகையிலும் 'ஜெனித் சில்க்ஸ் காணிக்கை' என்று சிவப்புப் பெயிண்டில் எழுத்து. மனுஷனுக்குப் பேர் என்றால் உயிர்.

அந்த ஸ்டூல்களின் கதை கடைப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் ஸ்டூல்கள் குடோனிலிருந்து மேலே வரும். ஆள் தலை மறைந்ததும் திரும்பக் குடோனுக்குப் போய்விடும். சட்டத்தை இப்படி மாடி ஏற்றி இறக்கினார் குமாரதாஸ். கடைசியில் அதையே ஆண்டவருக்குக் காணிக்கையாகவும் கொடுத்துவிட்டார். கெட்டிக்காரர்தான், ஏலத்தில் எடுக்கப் போவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதல் ஸ்டூலை எடுத்தவள் தங்கபாய். ரெஜிஷாவின் அம்மா. அவளைப் பார்த்து, முந்திரி ஆலையில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் மிச்சத்தையும் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். முதலாளி மைக் பக்கத்தில் நின்று கைதட்டினார், பாவம்.

இப்போது திங்கட்கிழமை காலை.

"ஏட்டி, அதை எங்க தூக்குத?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சுந்தரராஜ் கேட்டார். ரெஜிஷாவின் அப்பா.

"கடைக்கு."

"கடைக்கா? உனக்கு பிராந்து பிடிச்சிருக்கா?"

"ஸ்டூலு பின்ன எதுக்குப்பா? இருக்கதுக்குத்தானே."

சுந்தரராஜுக்கும் அதே கடையில்தான் வேலை. முன்பு குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் ஒடிந்தது. தோட்ட முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்தார், அதோடு சரி. கால் கோணலாகவே கூடிவிட்டது. அந்த நேரத்தில் கூப்பிட்டு வாசல் வேலை கொடுத்தவர் குமாரதாஸ். நீலச் சட்டை போட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வாங்க, போய் இருங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல வேண்டும். அந்தக் கோணல் காலில்தான் அவரும் நாள் முழுக்க நிற்கிறார். ஆனாலும் முதலாளி பேரைச் சொன்னால் குரல் தானாகத் தணிந்துவிடும்.

"நமக்கு சோறு போடுத கையில கொத்தப்பிடாது மோளே."

"சோறு சும்மா போடலை. நிண்ணு வேலை செய்தோம்."

அடுக்களையிலிருந்து தங்கபாய் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். முந்திரி ஆலையை அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்பார்கள். ஆபீஸ் என்றதும் நாற்காலியும் ஃபேனும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையில் குந்தி உட்கார்ந்து, கட்டையால் அண்டியைத் தல்லி உடைத்துப் பருப்பெடுக்க வேண்டும். தங்கபாயின் முட்டிகள் இப்போது மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது.

"நான் இருந்து இருந்து எழும்ப வய்யாம ஆயிட்டேன். இவ நிண்ணு நிண்ணு இருக்க வய்யாம ஆகப்போறா. நல்ல குடும்பம்! கொண்டு போகட்டு. நான் ஏலத்துல எடுத்த சாதனம், எனக்க மோளுக்குக் குடுக்கேன்."

"தங்கம், உனக்க ஆபீஸ் யாருக்குள்ளது? முதலாளிக்க மச்சினனுக்குள்ளது. அதை ஓர்மை வச்சிட்டுப் பேசு."

அதுதான் விஷயம். அந்த வீட்டில் அடுப்பு எரிவது மூன்று பேர் உழைப்பில். மூன்று பேருக்கும் சம்பளம் வருவது ஒரே குடும்பத்துக் கையிலிருந்து. ஒரு போன் போதும், மூன்றும் நின்றுபோகும்.

ரெஜிஷாவுக்கும் அது தெரியும். ஆனால் அவள் கண்ணுக்குள் ஸ்மைலின் நின்றாள். பக்கத்துக் கவுண்டர் பெண், நிறைமாசம் நெருங்குகிறவள். போன வாரம் பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "சேலையில வெள்ளம் பட்டிருக்கா பாரு."

ரெஜிஷா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் கண்டக்டருக்கு ஒரே கொண்டாட்டம்.

"லேடீஸுக்கு ஃப்ரீ. இந்த ஸ்டூலு லேடீஸா ஜென்ஸா?"

"அது பாட்டுக்கு நிக்கும் அண்ணே. உங்களுக்கு என்ன நட்டம்?"

நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் அவள் உட்கார்ந்தே வந்தாள். சுந்தரராஜ் முன்பக்கம் நின்று, யாரோ எவளோ என்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையின் இரண்டாம் மாடியில் பட்டுப் பிரிவு. ரெஜிஷா கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டாள்.

"ஸ்மைலின், வந்து இரி."

"அய்யோ எக்கா, எனக்கு பேடியா இருக்கு. கேமரா இருக்கு பாத்தியா?"

"செரி, நான் முதல்ல இருக்கேன். இடி விழுதாண்ணு பாப்போம்."

உட்கார்ந்தாள். இடி விழவில்லை, எபிசன் வந்தான். மாடிக்கு மேற்பார்வை அவன்தான். அவனும் நாள் முழுக்க நிற்கிறவன்தான், ஆனால் மற்றவர்களை நிற்க வைப்பதற்காக நிற்கிறவன்.

"எடி ரெஜிஷா, என்ன இது? எழும்பு."

"கஸ்டமர் வரட்டு, எழும்புதேன். இப்ப யாரு இருக்கா?"

"முதலாளி பாத்தா எனக்க தலை போகும்."

"பாக்கட்டு. அவருக்க பேருதான் இதுல எழுதியிருக்கு. சந்தோஷப்படுவாரு."

கேமராவில் பார்த்த முதலாளி லிஃப்ட் ஏறி வந்தார். திட்டத்தான் வந்தார். பலகை ஓரத்துச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் குனிந்து வாசித்தார்.

"இது... இது நான் சபைக்குக் குடுத்ததுல்லா?"

"ஆமா முதலாளி. நீங்க ஆண்டவருக்குக் குடுத்தீங்க. அம்மா ஆண்டவரிட்ட இருந்து எடுத்தா. இப்ப கடைச் சாமான் இல்லை, எங்க வீட்டுச் சாமான்."

கவுண்டர் கவுண்டராகச் சிரிப்பை அடக்குகிற சத்தம். ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி புடவைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

காணிக்கைப் பொருளைக் காலால் தள்ள முடியுமா? தள்ளினால் அடுத்த ஞாயிறு சபை முழுக்க அதுதான் பேச்சு. குமாரதாஸ் யோசித்தார். அவருக்கு மூளை உண்டு, அது வேலை செய்கிற திசைதான் சரியில்லை.

"சுந்தரராஜை மேல வரச் சொல்லு."

சுந்தரராஜ் படியேறி வந்தார். வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. காலை இழுத்து இழுத்து ஏறி, வேர்த்து, மகள் முன்னால் வந்து நின்றார்.

"சுந்தரராஜ், நான் உனக்கு என்ன செய்திருக்கேண்ணு உனக்கே தெரியும். உன் மோளுக்க ஸ்டூலை எடுத்துக் கீழ கொண்டு போ. நான் தொடமாட்டேன், கேட்டியா? நீயே எடு."

எத்தனை நைச்சியம் பாருங்கள்! தகப்பன் கையை வைத்தே மகளைக் குத்துகிற வித்தை.

"எழும்பு மோளே," என்றார் சுந்தரராஜ். அவர் கண் தரையில் இருந்தது.

முதலாளி வந்து நின்றபோது எழும்பாதவள், எபிசன் கத்தியபோது அசையாதவள், அப்பா சொன்னதும் எழுந்துவிட்டாள். சுந்தரராஜ் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். காலடிச் சத்தம் ஒன்று பலமாகவும் ஒன்று மெதுவாகவும் கீழே போய்க்கொண்டே இருந்தது. ரெஜிஷாவுக்கு அழுகை வந்தது. இந்த ஆள் முன்னாலா அழுவது என்று நினைத்ததும் அது கோபமாக மாறிவிட்டது.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எடி!"

"இந்தத் தரை உங்களுக்குள்ளதுதானே முதலாளி? இதையும் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

"நாளை முதல் நீ வரண்டாம்."

"நாளைக்குள்ளதை நாளைப் பாப்போம். இண்ணைக்கு நான் வேலையிலதான் இருக்கேன்."

அன்றைக்கு முழுக்க அவள் வியாபாரம் பார்த்தது அப்படித்தான். கஸ்டமர் வந்தால் எழுந்து எடுத்துக் காட்டினாள், போனதும் தரையில் உட்கார்ந்தாள். கல்யாணச் சீசன், கடையில் கூட்டம். எல்லார் முன்னாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் வியாபாரம் கெடும் என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் சுந்தரராஜ் ஸ்டூலைத் தன் பக்கத்தில் வைத்திருந்தார். கால் விண்விண்ணென்று தெறித்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூல் இருந்தும் அவர் உட்காரவில்லை. மகள் காலடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததில் எப்படி உட்காருவார்? சாப்பாட்டு நேரத்தில் மனசு பொறுக்காமல் மனைவிக்குப் போன் போட்டார்.

"தங்கம், நான்தான் எடுத்தேன். எனக்க கையால எடுத்தேன்."

நடந்ததை எல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் அண்டி தல்லுகிற கட்டையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"செரி," என்றாள் தங்கபாய். "வாசல்லதானே நிக்கிறீங்க? அங்ஙனயே நில்லுங்க."

வைத்துவிட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் 'செரி'க்கு என்ன அர்த்தம் என்று சுந்தரராஜுக்குத் தெரியாதா?

அண்டி ஆபீஸ் விட்டு, புதுக்கடை பஸ் மார்த்தாண்டம் வந்து சேர்ந்த நேரம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண்கள் கூட்டம். தலையில் ஸ்டூல், இடுப்பில் ஸ்டூல், ஒருத்தி ஸ்டூலைக் கவிழ்த்து அதற்குள் டிபன் பாத்திரத்தை வைத்துக் கொண்டுவந்தாள். எல்லார் விரலிலும் அண்டி எண்ணெய் தின்ற கறுப்பு. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

"வாங்க, உள்ள வாங்க..." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சுந்தரராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வாறோம். கதவைத் திறங்க. பட்டுப் பாக்கணும்," என்றாள் தங்கபாய்.

"தங்கம், வேண்டாம். மூணு பேருக்க வேலையும் போயிரும்."

"போகட்டு. உங்க காலு ஒண்ணு போயாச்சு. எனக்க முட்டு ரெண்டும் போயாச்சு. பிள்ளைக்கதையும் குடுக்கணுமா? வேலை போனா வேற வேலை உண்டு. காலு போனா எந்தக் கடையில வாங்குவீங்க?"

சுந்தரராஜ் கதவைத் திறந்தார்.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் ஸ்டூலும் பெண்களுமாக வெளியே வந்து விழுந்தார்கள். முதலாளி அங்கேதான் இருந்தார். குலசேகரத்திலிருந்து ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வந்திருந்தது, பெண்ணின் அம்மாவை மெத்தை நாற்காலியில் உட்கார்த்தி அவரே உபசரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, இருங்க..." என்று திரும்பியவர் ஸ்டூல்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் பேர்.

"இருக்கதுக்கு என்ன," என்றாள் தங்கபாய். "சேலை காட்டுத பிள்ளைகள் முதல்ல இருக்கட்டு. அதுக்குப் பொறவு நாங்க இருக்கோம்."

"அவங்க நிண்ணாத்தான் வேலை நடக்கும்."

"எடுக்கும்போ எழும்பட்டு. மத்த நேரம் இருக்கட்டு. நான் இருந்துட்டுத்தானே நாள் முழுக்க தல்லுதேன்? கையி வேலை செய்யாமலா போச்சு?"

"இது கடையம்மா. உங்க அண்டி ஆபீஸ் இல்லை."

"அதைத்தான் கேக்க வந்தேன். உங்க மச்சினன் ஆபீஸ்ல நாங்க இருந்தா எழும்ப விடமாட்டாரு. ஒண்ணுக்குப் போக எழும்பினாலும் மொறைப்பு. இங்க பிள்ளைகள் நிண்ணா நீங்க இருக்க விடமாட்டீங்க. ஒரே குடும்பம்தானே? உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வரப்பிடாதா?"

அண்டி ஆபீஸ் பெண்கள் ஓஹோவென்று சிரித்தார்கள். மெத்தை நாற்காலியில் இருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. எதிரே புடவை விரித்துக்கொண்டிருந்த ஸ்மைலினின் வயிற்றை அப்போதுதான் பார்த்தாள்.

"பிள்ளே, நீ காலையில இருந்தே நிக்கிதியா?"

ஸ்மைலின் தலையாட்டினாள்.

அந்த அம்மா எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் மகள் எழுந்தாள், சித்திமார் எழுந்தார்கள். மெத்தை நாற்காலிகள் வரிசையாகக் காலியாயின. பெரிய பில் போடப்போகிற கூட்டம் எழுந்து நின்றதும் குமாரதாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சுந்தரராஜ்! மேல வா! இதுகளை வெளிய கொண்டு விடு!"

படியில் காலடிச் சத்தம். ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக. எல்லாரும் படியைப் பார்த்தார்கள். சுந்தரராஜ் வந்தார். காலையில் கொண்டுபோன ஸ்டூல் கையில் இருந்தது.

ரெஜிஷா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்து, அதில் மறுபடியும் அந்தக் குனிவு இருந்தால் தாங்கமாட்டாள். அவர் காலையே பார்த்தாள். அந்தக் கால் முதலாளியைத் தாண்டிப் போனது. கவுண்டரைச் சுற்றிப் பின்னால் போனது. ஸ்மைலினின் பின்னால் ஸ்டூலை வைத்தார் சுந்தரராஜ்.

"என்னவேய் செய்யுத?" என்றார் முதலாளி.

சுந்தரராஜ் கவுண்டர்களில் நின்ற பெண்களைப் பார்த்தார். வாசலில் எத்தனையோ வருஷம் சொல்லிப் பழகிய அதே கணீர்க் குரலில் சொன்னார்:

"இருங்க பிள்ளைகளே. இருங்க."

ஸ்மைலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாளே, அது அந்த மாடி முழுக்கக் கேட்டது. பிறகு ஸ்டூல்கள் கவுண்டரைத் தாண்டித் தாண்டிக் கைமாறின. ஒருத்தி உட்கார்ந்தாள், அடுத்தவள் உட்கார்ந்தாள். ரெஜிஷாவுக்கு வந்த ஸ்டூலை அவள் அப்பாவிடம் தள்ளினாள்.

"நீங்க இருங்கப்பா."

"நீ?"

"எனக்குத் தரை பழகிப்போச்சு," என்று அவர் பக்கத்தில் சம்மணமிட்டாள்.

அந்தக் கடையில் முதல்முறையாக சுந்தரராஜ் உட்கார்ந்தார். கோணல் காலை நீட்டி வைத்துக்கொண்டார். கண் கலங்கியது, துடைக்கவில்லை. தங்கபாய் கடைசியாக மிஞ்சிய ஸ்டூலை எபிசன் பக்கம் நகர்த்தினாள்.

"நீயும் இரி மக்கா. நீயும் நிக்கதுதானே?"

எபிசன் முதலாளியைப் பார்த்தான், ஸ்டூலைப் பார்த்தான். பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் கல்யாணக் கூட்டமும் அண்டி ஆபீஸ் பெண்களும் உட்கார்ந்தார்கள். சொன்ன சொல் மாறாமல் தங்கபாயும் ஒரு மெத்தை நாற்காலியில் முட்டியைப் பிடித்தபடி இறங்கினாள். அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தவர் இப்போது ஒரே ஒருவர்தான்.

குமாரதாஸ் சுற்றிலும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"மச்சான், நான்தான். உனக்க ஆபீஸ்ல தங்கபாய்ண்ணு ஒருத்தி அண்டி தல்லுதாளா? அவகூட ஒரு கூட்டமும்..."

புடவையைத் தடவிக்கொண்டிருந்த கறுத்த விரல்கள் எல்லாம் நின்றன. சுந்தரராஜ் எழப்போனார். ரெஜிஷா தரையிலிருந்தே அவர் முட்டியை அழுத்திப் பிடித்தாள்.

தங்கபாய் மட்டும் அசையவில்லை. மடியில் கிடந்த பட்டின் கரையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஆமாண்ணு சொல்லுங்க முதலாளி. பேரு செரிதான்," என்றாள். "இருந்து பேசுங்க. நிண்ணு பேசினா காலு கடுக்கும்."